பாட்டியையும் வண்டியில் ஏற்றிக்கொள்ளுங்கள்

போன இதழில் சென்னைக்குப் பக்கத்து முட்டுக்காட்டில் இருக்கும் தட்சிணசித்ரா என்ற திறந்தவெளி அருங்காட்சியகத்தைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களே இந்த முறை பக்கத்தை நிரப்பிவிட்டன. தசரா விடுமுறை நெருங்குகிறது, பெங்களூரில் பாதித் தமிழ் வீடுகளில் இப்போது இதே பேச்சு போலிருக்கிறது. ஐந்து கடிதங்களுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: அக்டோபரில் காரில் சென்னை போகிறோம். நானும் கணவரும், 7 வயது மகள், 13 வயது மகன், 72 வயது மாமியார். வழியில் தட்சிணசித்ரா பார்க்கலாம் என்று நான் சொன்னால், "பழைய வீட்டைப் பார்க்க 350 கிலோமீட்டர் வண்டி ஓட்டணுமா, நம்ம ஊர்லயே இடிஞ்சு கிடக்கே" என்கிறார் கணவர். மாமியாருக்கு முட்டி வலி வேறு. போகத்தான் வேண்டுமா? எவ்வளவு நேரம் ஒதுக்க வேண்டும்?
– ஒரு வாசகி, அல்சூர்

பதில்: போங்கள். உங்கள் கணவர் சொன்னதில் பாதி சரி. நம் ஊர்களில் பழைய வீடுகள் இடிந்துதான் கிடக்கின்றன. அப்படி இடிபடப்போகும் வீடுகளை வாங்கி, தூண் தூணாகப் பிரித்து, லாரியில் ஏற்றிக் கொண்டுவந்து, பழைய முறை தெரிந்த ஆசாரிகளையும் கொத்தனார்களையும் வைத்தே திரும்ப எழுப்பிய இடம்தான் தட்சிணசித்ரா. அமெரிக்காவில் பிறந்த டெபோரா தியாகராஜன் தொடங்கிய மெட்ராஸ் கிராஃப்ட் ஃபவுண்டேஷன் அதை நடத்துகிறது. திறந்தது 1996 டிசம்பரில். பத்து ஏக்கரில் தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம், ஆந்திரம் என்று நாலு பக்கத்து வீடுகளும் இருக்கின்றன, மொத்தம் 18. வளாகத்தின் அமைப்பில் கட்டடக் கலைஞர் லாரி பேக்கரின் கை இருக்கிறது. இந்த மாதிரி திறந்தவெளி அருங்காட்சியகத்துக்கு முன்னோடி சுவீடனில் ஸ்டாக்ஹோமில் இருக்கும் ஸ்கான்சென். ஆர்தர் ஹசேலியுஸ் என்பவர் 1891-இல் அதைத் திறந்தபோது அவருக்கும் இதே கவலைதான் இருந்தது: ஆலைகள் வந்துவிட்டன, கிராமத்து வாழ்க்கை கண் முன்னாலேயே போய்க்கொண்டிருக்கிறது.

உங்கள் மாமியாரை விட்டுவிட்டுப் போகலாமா என்ற யோசனை கடிதத்தில் மறைவாகத் தெரிகிறது. அதை மட்டும் செய்யாதீர்கள். அந்தப் பயணத்துக்கு மிக முக்கியமான ஆள் அவர்தான், ஏனென்றால் வீட்டைத்தான் பெயர்த்துக்கொண்டு வர முடியும், அதில் எப்படி இருந்தார்கள் என்பதைப் பெயர்த்து வர முடியாது, அது இருந்தவர்களோடுதான் வரும்.

நான் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனதைச் சொல்கிறேன். எங்களுக்குப் பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். அங்கே திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்த அக்ரகார வீடு ஒன்று இருக்கிறது. நாங்கள் அந்தத் தெருக்காரர்கள் இல்லை, ஆனாலும் வீட்டின் அமைப்பு எங்கள் பக்கத்து அமைப்பு. வாசலில் வைத்திருந்த பலகையை நான் படித்துக்கொண்டு நிற்கிறேன். அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு நேரே உள்ளே போய், என் மகனைக் கூப்பிட்டு, "ஏலே ஐயா, இங்க வா, இது தார்சா, அங்க பட்டாசல், ரெண்டாங்கட்டு தாண்டுனா அடுப்படி" என்று சொந்த வீடு மாதிரி காட்ட ஆரம்பித்துவிட்டாள். தார்சா, பட்டாசல் என்ற சொற்களை அம்மா வாயிலிருந்து நான் கேட்டே இருபது வருடம் இருக்கும். பெங்களூர் வீட்டில் ஹால், பெட்ரூம், கிச்சன்தானே, அந்தச் சொற்களுக்கு அங்கே வேலையே இல்லாமல் போயிருந்தது.

அதற்கப்புறம் நடந்ததுதான் எனக்கு இன்றுவரை மறக்கவில்லை. இன்னொரு வீட்டில் ஓர் அம்மிக்கல் கிடந்தது. அம்மா குனிந்து உள்ளங்கையை அதன் மேல் வைத்து மேலும் கீழும் ஒரு தடவை இழுத்தாள். "வழுவழுன்னு கெடக்கு. கொத்தி ரொம்ப நாளாச்சு, இதுல அரைச்சா மசியாது." என் மகனுக்குப் புரியவில்லை. அம்மியைக் கொத்துவதா? அம்மா அங்கேயே தரையில் உட்கார்ந்துகொண்டு சொன்னாள்: அரைத்து அரைத்துக் கல் தேய்ந்துவிடும், அப்போது மிளகாய் நசுங்குமே தவிர மசியாது, அதனால் அம்மி கொத்துகிறவர் சிற்றுளியும் சுத்தியலும் எடுத்துக்கொண்டு "அம்மி கொத்தலையோ அம்மி" என்று தெருவில் கூவிக்கொண்டே வருவார், கல்லில் புள்ளி புள்ளியாகக் கொத்திவிட்டுப் போவார், கொத்தின கல்லில் முதலில் ஒரு பிடி அரிசியையோ தவிட்டையோ அரைத்துக் கொட்டிவிடவேண்டும், இல்லாவிட்டால் அன்றைக்குக் குழம்பில் கல்தூள் நறநறக்கும். பக்கத்தில் நின்ற இன்னொரு குடும்பமும் உட்கார்ந்துவிட்டது. எந்தப் பலகையிலும் இது எழுதியிருக்கவில்லை.

சரி, வழியைச் சொல்கிறேன். காலை 5 மணிக்குக் கிளம்பி எலக்ட்ரானிக் சிட்டி மேம்பாலத்தை நெரிசல் தொடங்கும் முன் தாண்டிவிடுங்கள். ஓசூர், கிருஷ்ணகிரி, ஆம்பூர், வேலூர், காஞ்சிபுரம் புறவழி, ஸ்ரீபெரும்புதூர். அங்கிருந்து சென்னை நகருக்குள் நுழைய வேண்டியதில்லை. ஒரகடம் வழியாக வண்டலூர் போய், கேளம்பாக்கம், கோவளம் தாண்டி, கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே திரும்பினால் முட்டுக்காடு வந்துவிடும். காலைச் சாப்பாடு, மாமியார் காலை நீட்டிக்கொள்ள இரண்டு நிறுத்தம் எல்லாம் சேர்த்துப் போய்ச்சேர மதியம் ஆகிவிடும். அன்றைக்கே உள்ளே நுழையாதீர்கள். அந்தக் கடலோரப் புழுக்கத்தில், பயணக் களைப்பில், பிள்ளைகள் சிணுங்கத்தான் செய்யும். அக்கம்பக்கத்தில் எங்காவது இரவு தங்கிவிட்டு மறுநாள் காலை 10 மணிக்குத் திறக்கும்போதே போங்கள். செவ்வாய்க்கிழமை விடுமுறை, அதைப் பார்த்து நாள் வையுங்கள்.

பதினெட்டையும் பார்க்க வேண்டும் என்று கணக்கு வைக்க வேண்டாம். மாமியாருக்குத் தெரிந்த மாதிரி வீடு ஒன்று, யாருக்கும் தெரியாத மாதிரி வீடு ஒன்று, இரண்டில் மட்டும் அரை மணி நேரம் உட்காருங்கள், மற்றதெல்லாம் போகிற போக்கில் பார்த்தால் போதும். அந்தத் தெரியாத வீட்டுக்கு நான் சொல்வது கோட்டயம் பக்கத்திலிருந்து வந்த சிரியன் கிறிஸ்தவர் வீடு. சுவரெல்லாம் மரம், வீட்டுக்குள்ளேயே நெல் அறை. நம் பக்கம் களிமண் குதிரிலோ பத்தாயத்திலோ நெல்லைக் கொட்டி வைப்பார்கள், அங்கே ஓர் அறையையே பத்தாயமாக்கியிருக்கிறார்கள். மழை எவ்வளவு பெய்யும் ஊர் என்பது அதைப் பார்த்தாலே தெரிந்துவிடும். ஏழு வயதுப் பெண்ணுக்குக் குயவர் சக்கரம் போதும், கையில் களிமண் பட்டுவிட்டால் அதற்கப்புறம் அவளை அங்கிருந்து கிளப்புவதுதான் கஷ்டம். திண்ணைக்குத் திண்ணை உட்கார்ந்து போகலாம் என்பதால் முட்டி வலிக்காரர்களுக்கும் அவ்வளவு சிரமம் இருக்காது. ஆனால் வாசல்படிகள் உயரம், கையைப் பிடித்துக்கொள்ள ஒரு ஆள் கூடவே இருக்க வேண்டும்.

கேள்வி: இரண்டு நாள் லீவு கிடைக்காது. ஞாயிறு காலை போய் இரவு திரும்புகிற மாதிரி இதே வகையில் ஏதாவது இருக்கிறதா?
– ஒயிட்ஃபீல்டு வாசகர்

பதில்: மைசூர் ரோட்டில் ராமநகரம் பக்கத்தில் ஜானபத லோகா என்ற நாட்டுப்புறக் கலை அருங்காட்சியகம் இருக்கிறது. பெங்களூரிலிருந்து ஐம்பது கிலோமீட்டர் சொச்சம், ஒயிட்ஃபீல்டிலிருந்து நகரத்தைக் கடப்பதற்குத்தான் நேரம் பிடிக்கும். ஐ.ஏ.எஸ். அதிகாரியாக இருந்த எச்.எல். நாகே கௌடா, கன்னட நாட்டுப்புறக் கலைகளுக்காகவே வாழ்ந்த மனிதர், 1994-இல் இதை உருவாக்கினார். ஏர், கலப்பை, தானியப் பானைகள், மீன்பிடி சாமான்கள், தோல்பாவைகள், யட்சகான உடைகள் என்று நிறைய இருக்கிறது. ஒரு எச்சரிக்கை: புதிய எக்ஸ்பிரஸ் சாலையின் நடுப்பாதையில் ஏறிவிட்டால் ராமநகரத்தையும் சன்னபட்டணாவையும் தொடாமலே மைசூர்ப் பக்கம் கொண்டுபோய்விடும். ராமநகரத்துக்கு முன்னாலேயே இறங்கிப் பழைய ரோட்டைப் பிடியுங்கள்.

திருவிழா நாள் தவிர மற்ற நாட்களில் அங்கே பார்வைக்கு வைத்த பொருள்கள்தான் அதிகம், செய்து காட்டுகிறவர்கள் குறைவு. அதனால் அப்படியே மரப்பொம்மை செய்கிற சன்னபட்டணா வரை போங்கள். ஞாயிற்றுக்கிழமை எல்லாப் பட்டறையும் திறந்திருக்காது, சனிக்கிழமை முடிந்தால் இன்னும் நல்லது. ரோட்டோரக் கடைகளில் பொம்மை வாங்கிக்கொண்டு திரும்பிவிடாமல், வேலை நடக்கிற பட்டறை ஒன்றில் கேட்டுக்கொண்டு உள்ளே போய்ப் பாருங்கள். வெட்பாலை மரக்கட்டை கடைசல் இயந்திரத்தில் சுற்றிக்கொண்டிருக்கும். அதன் மேல் சிவப்பு அரக்குக் குச்சியை வைத்து அழுத்துவார்கள். பெயின்ட் இல்லை, பிரஷ் இல்லை. சுற்றுகிற வேகத்தில் பிறக்கும் சூட்டிலேயே அரக்கு உருகி மரத்தில் பிடித்துக்கொள்ளும். அப்புறம் காய்ந்த தாழை மடலை மடித்து அதே கட்டையில் பிடித்தால், மங்கலாக இருந்த சிவப்பு கண்ணெதிரே பளபளவென்று ஆகிவிடும். குச்சி வைத்ததிலிருந்து பளபளப்பு வரை சில நிமிடங்கள்தான். இதைப் பார்த்த பிள்ளை அந்தப் பொம்மையை வீசி எறியாது.

கேள்வி: 14 வயது மகன். எங்கே போனாலும் போன்தான். இந்த மாதிரி இடத்துக்குக் கூட்டிப்போய்ப் பிரயோஜனம் உண்டா?
– பனசங்கரி வாசகர்

பதில்: போனைப் பிடுங்காதீர்கள், அதிலேயே ஒரு வேலை கொடுங்கள். தாத்தாவோ பாட்டியோ பேசுவதைப் பதிவு செய்வது அவன் பொறுப்பு என்று கிளம்பும்போதே சொல்லிவிடுங்கள். மூன்று கேள்விகளை அவனே தயார் செய்யட்டும்: ராத்திரி எங்கே படுத்தீர்கள், தண்ணீர் யார் எடுத்து வந்தார்கள், அடி வாங்கினால் எங்கே போய் ஒளிந்துகொள்வீர்கள். மூன்றாவதைக் கேட்டால் எந்தத் தாத்தாவும் சும்மா இருக்க மாட்டார்.

கேள்வி: மகன் அமெரிக்காவில் இருக்கிறான். எங்களைக் காரில் வில்லியம்ஸ்பர்க் என்ற ஊருக்குக் கூட்டிப்போனான். ஊரே 18-ஆம் நூற்றாண்டு உடையில் இருக்கிறது, கொல்லர், தச்சர் எல்லாரும் அந்தக் காலத்து ஆளாகவே பேசுகிறார்கள். பிரமித்துப்போனேன். நம் நாட்டில் ஏன் அப்படி இல்லை?
– ஜெயநகர் வாசகி

பதில்: நீங்கள் பார்த்தது கொலோனியல் வில்லியம்ஸ்பர்க், வர்ஜீனியாவில் இருக்கிறது. 1926 வாக்கில் கோடீஸ்வரர் ராக்ஃபெல்லரின் பணத்தில் அந்த ஊரையே பழையபடி மீட்டெடுக்க ஆரம்பித்தார்கள். அங்கே கொல்லராக நிற்பவர் வெறும் வேடம் போட்டவர் இல்லை, வருடக்கணக்கில் அந்தத் தொழிலைப் பழகியவர். எனக்கு அவர்கள் மேல் மரியாதை உண்டு.

ஆனால் ஏக்கப்பட வேண்டாம் என்றுதான் சொல்வேன். இருநூற்றைம்பது வருடம் முன்னால் அறுந்துபோன ஒன்றைத் திரும்ப நடித்துக் காட்ட வேண்டிய நிலை அவர்களுக்கு. நமக்கு அது இன்னும் முழுதாக அறுந்துபோகவில்லை. முட்டுக்காட்டில் சக்கரத்தின் முன் உட்கார்ந்திருப்பவர் அந்தக் காலத்துக் குயவராக நடிக்கவில்லை, அவர் இன்றைய குயவர், மாலையில் போனில் வீட்டுக்குப் பேசுவார், மறுநாள் காலை மறுபடியும் மண் பிசைவார். அவரிடம் "அந்தக் காலத்தில் எப்படி" என்று கேட்காமல், "உங்கள் ஊரில் இன்னும் எத்தனை வீட்டில் சக்கரம் சுற்றுகிறது, மண் எங்கேயிருந்து வருகிறது, ஏரியில் எடுக்க விடுகிறார்களா" என்று கேட்டுப் பாருங்கள். அவர் செய்ததை வாங்கும்போது பேரம் பேசாதீர்கள். மாலில் ஒரு காபிக்கு இருநூற்றைம்பது ரூபாயை வாய் திறக்காமல் கொடுத்துவிட்டு வருகிறோம்.

கேள்வி: நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டுத் தட்சிணசித்ராவின் படங்களைப் பார்த்தேன். செட்டிநாட்டு வீடு, அக்ரகார வீடு, கேரளத்து மர வீடு எல்லாம் அழகு. என் அப்பா கோலார் தங்கவயலில் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் இறங்கி வேலை செய்தவர், தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய லைன் வீட்டில்தான் நாங்கள் ஆறு பேரும் வளர்ந்தோம். என் பிள்ளைகளை அங்கே கூட்டிப்போனால் "நம்ம வீடு எதும்மா" என்று கேட்பார்கள். நான் எதைக் காட்டுவது?
– மர்ஃபி டவுன் வாசகி

பதில்: உங்கள் கடிதத்தைத்தான் முதலில் படித்தேன், பதிலைக் கடைசியாக எழுதுகிறேன், ஏனென்றால் இரண்டு நாள் யோசிக்க வேண்டியிருந்தது.

முதலில் அங்கே இருப்பதைச் சொல்லிவிடுகிறேன். குயவர் வீடு, நெசவாளர் வீடு, விவசாயக் குடும்பத்து வீடு, ஆந்திரக் கடலோரத்து வட்டக் குடிசை எல்லாம் இருக்கின்றன. பெரிய வீடுகள் மட்டும்தான் என்று சொல்வது நியாயமாகாது. ஆனாலும் நீங்கள் கேட்டதில் உண்மை இருக்கிறது. பர்மா தேக்குத் தூணைப் பிரித்தெடுத்து மறுபடி நட்டால் அதே தூண்தான். தட்டியும் கீற்றும் மண்ணும் வருடா வருடம் மாற்றுகிற பொருள்கள், அவற்றைப் பெயர்த்து எடுத்து வர என்ன இருக்கிறது? எது நிலைக்கிறதோ அதுதான் அருங்காட்சியகத்துக்கு வந்து சேர்கிறது. பணம் இருந்தவர்களின் பொருள்கள்தான் நிலைக்கின்றன.

மேலே ஜெயநகர் வாசகி கேட்ட வில்லியம்ஸ்பர்க்கிலும் இதே பிரச்சினை இருந்தது. அந்தப் பழைய ஊரின் மக்களில் பாதிப் பேர் கறுப்பின மக்கள், பெரும்பாலும் அடிமைகள். அருங்காட்சியகம் திறந்து பல பத்தாண்டுகள் வரை அவர்கள் கதை அங்கே ஏறக்குறைய இல்லவே இல்லை. பிறகு கறுப்பினக் கலைஞர்களும் ஆய்வாளர்களும் உள்ளே வந்தார்கள். 1994-இல் ஓர் அடிமை ஏலத்தையே தெருவில் நடித்துக் காட்டினார்கள். எதிர்ப்பும் வந்தது, அழுதவர்களும் உண்டு. நீங்கள் கேட்ட கேள்வியை அங்கேயும் யாரோ கேட்டதால்தான் அது நடந்தது. அதனால் நீங்கள் போகும்போது, அங்கே கருத்து எழுத நோட்டுப் புத்தகம் வைத்திருந்தால் அதில் "சுரங்கத் தொழிலாளியின் லைன் வீடு எங்கே" என்று எழுதிவிட்டு வாருங்கள். நானும் அடுத்த முறை எழுதுகிறேன்.

உங்கள் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டிய வீட்டுக்கு முட்டுக்காடு வரை போக வேண்டியதே இல்லை. அது பெங்களூரிலிருந்து நூறு கிலோமீட்டர் தூரத்தில், இன்னும் ஆள் குடியிருக்கிற இடமாகவே இருக்கிறது. 1880-களில் ஜான் டெய்லர் கம்பெனி வந்து சுரங்கத்தை ஆழமாகத் தோண்ட ஆரம்பித்ததும், வடாற்காடு, சித்தூர், சேலம் பக்கத்து ஜனங்கள் பஞ்சத்துக்கும் பண்ணையாருக்கும் தப்பித்து அங்கே வந்து சேர்ந்தார்கள். 1902-இல் சிவசமுத்திரத்திலிருந்து கம்பி இழுத்துத் தங்கவயலுக்கு மின்சாரம் வந்தது, பெங்களூர் தெருக்களில் மின்விளக்கு எரிவதற்கு முன்னால். உங்கள் அப்பா இறங்கிய சாம்பியன் ரீஃப், மூன்று கிலோமீட்டருக்கும் ஆழமான சுரங்கம். அவ்வளவு கீழே பாறையே சுடும். 2001 பிப்ரவரி 28-ஆம் தேதி மூடினார்கள். தங்கத்தைப் பிரித்தெடுத்த பிறகு கொட்டிய சயனைடு மண் மேடுகள் இன்றும் மலை மாதிரி நிற்கின்றன. அவற்றின் மேல் பிள்ளைகளை ஏற விடாதீர்கள், அது நல்ல மண் இல்லை. மூடிய சுரங்க வாய்களின் பக்கமும் போக வேண்டாம். லைன் வீடுகள் இருக்கிற தெருவில் நடந்தாலே போதும்.

அப்பாவை நடத்திக்கொண்டு போய், நீங்கள் குடியிருந்த வீட்டு வாசலில் நிறுத்துங்கள். இப்போது அங்கே இருப்பவர்களிடம் "நாங்க முன்னாடி இங்க இருந்தவங்க" என்று சொன்னால் உள்ளே கூப்பிட்டுத் தண்ணீர் கொடுப்பார்கள், அந்த ஊர் ஜனங்களை எனக்குத் தெரியும். அந்த ஒற்றை அறையில் ஆறு பிள்ளைகள் எப்படிப் படுத்தீர்கள் என்று தரையில் கையால் கோடு போட்டுக் காட்டச் சொல்லுங்கள். சுரங்கத்துச் சங்கு ஊதாத நேரத்தில் ஊதினால் தெருவில் என்ன ஆகும் என்று கேளுங்கள். அவர் சொல்ல மாட்டார் என்றால் வற்புறுத்த வேண்டாம், கூட வேலை பார்த்தவர் யாராவது அந்தத் தெருவிலேயே இருப்பார், இரண்டு பேரும் பேச ஆரம்பித்ததும் பிள்ளைகள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொள்ளட்டும்.

இன்னொன்று. காரில் போக வேண்டும் என்ற கட்டாயமில்லை. சுரங்கம் மூடிய பிறகு தங்கவயலிலிருந்து ஆயிரக்கணக்கானவர்கள் விடியற்காலை ரயிலில் ஏறி பெங்களூருக்கு வேலைக்கு வந்து இரவில் திரும்பினார்கள், இன்றும் வருகிறார்கள். உங்கள் அப்பாவும் கொஞ்ச நாள் அப்படி வந்திருக்கக்கூடும். மாரிக்குப்பம் வரை அந்த ரயில் இப்போதும் ஓடுகிறது. பங்காருப்பேட்டை தாண்டியதும் ஜன்னலோரத்தை அவருக்குக் கொடுங்கள்.